மத்தளத்திற்கு இரண்டு பக்கமும் இடி

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு மேசைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்கிறவன் நீண்ட நேரம் பேசக்கூடாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் தலைமை ஆசிரியர் அவர்கள், "பெற்றோர்கள் வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் நம் கையில் ஒரு பாரம் கொடுக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, என்ன இனம், என்ன சமயம், குடியுரிமை, தகப்பனார் தொழில், தாயார் தொழில், வீட்டு முகவரி என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றாக நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறோம். நிர்வாகத்துக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்குள் நடந்து வரும்போது கட்டம் கட்டமாக நடந்து வருவதில்லை. திங்கட்கிழமை பெண்ணாகவும், செவ்வாய்க்கிழமை தமிழச்சியாகவும், புதன்கிழமை தோட்டத்துப் பிள்ளையாகவும் வருவதில்லை. எல்லாமாகச் சேர்ந்தே வருகிறாள். காகிதப் பாரத்தில் கட்டங்கள் தனித்தனி. வாழ்க்கைப் பாரம் தலையில் இறங்கும்போது எல்லாம் ஒரே சுமை. இதைத்தான் இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

மலாக்கா காட்டும் உண்மை

ஓர் ஆளுக்குப் பல அடையாளம் இருக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மலாக்கா பட்டணத்தில் காஜா பெராங் பக்கம் கம்போங் செட்டி இருக்கிறது. அங்கே வாழும் மலாக்கா செட்டிகள், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிபத்துக்காக இங்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். வந்தவர்கள் இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்துக் குடும்பம் நடத்தினார்கள். இன்று அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்தி வந்தது சாரோங் கெபாயா. சாப்பாட்டில் சம்பாலும் உண்டு, சாம்பாரும் உண்டு. ஆனால் கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். பொங்கலைத் தவறாமல் கொண்டாடுகிறார்கள். ஜாலான் துக்காங் எமாசில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம், டச்சுக்காரர் ஆட்சியில் 1781ஆம் ஆண்டு இவர்களுடைய முன்னோர் எழுப்பியது.

இவர்களைப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது? தமிழ் பேசவில்லை என்பதால் தமிழர் இல்லை என்று தள்ளிவிடுவதா? மலாய் பேசுவதால் மலாய்க்காரர் என்பதா? இரண்டும் பொருந்தாது. அவர்கள் அவர்களாகவே இருக்கிறார்கள்.

நம் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தில் தமிழர் இருக்கிறீர்கள். வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். இந்து, கிறிஸ்துவர், முஸ்லிம் எல்லாரும் இருக்கிறீர்கள். எல்லாரும் மலேசியர்கள். இது குறையல்ல. வீட்டுக்கு நான்கு சன்னல் இருந்தால் காற்று நன்றாக வரும்.

ஆனால் இதோடு பேச்சை முடித்துவிட்டால் அரை உண்மைதான் சொன்னதாகும். எல்லா அடையாளமும் ஒரே எடை கொண்டதல்ல. சில அடையாளம் கதவைத் திறக்கும், சில அடையாளம் கதவைச் சாத்தும். இரண்டு மூன்று கதவு ஒரே நேரத்தில் சாத்தினால் உள்ளே இருப்பவர் நிலை என்ன? அதற்கு நம் தோட்டத்தைப் பார்க்கவேண்டும்.

தோட்டத்து ஏணி

இந்த நாட்டில் ரப்பர் வாணிபப் பயிராக முதன்முதலில் வேர்விட்டது நம் மலாக்கா மண்ணில்தான். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார், சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி துரையின் தூண்டுதலால் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். அதன்பின் மலாயா முழுவதும் ரப்பர் பரவியது. அந்த மரங்களுக்குப் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்தார்கள்.

தோட்டத்தில் ஓர் ஏணி இருந்தது. மேலே பங்களாவில் துரை. அடுத்து ஆபீசில் கிராணி. அடுத்து கங்காணி, தண்டல். எல்லாருக்கும் கீழே லயத்தில் தொழிலாளி. இது நாம் எல்லாரும் அறிந்த கதை. மேடையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றை நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. அந்த அடிப்படியில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே உயரத்தில்தான் நின்றார்களா?

கூலிக் கணக்கைப் பாருங்கள். 1920களின் பிற்பகுதியில் அரசாங்கம் வகுத்த கூலி விகிதப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே பெரட்டு, அதே மழை. பத்துக் காசு குறைவு. துரை கொடுத்த கூலியில் இந்தக் குறை. வீட்டுக்கு வந்தபின் துரைக்கு அதில் வேலையில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியவள் யார்? கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடியவள் யார்? பால் எடுத்துக் கொட்டிவிட்டு வந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் சுமந்து, துணி துவைத்தவள் யார்? சம்பள நாளன்று கள்ளுக்கடையிலிருந்து வீட்டுக்காரர் வரும் வழியைப் பார்த்து நின்றவள் யார்? எல்லாம் ஒருத்தியேதான்.

அடுத்து ஒன்று சொல்கிறேன். சாதி என்ற சொல்லை மேடையில் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். கல்யாணப் பேச்சில் மட்டும் அந்தக் கூச்சம் இருப்பதில்லை. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் லயம்கூட சாதி பார்த்துத்தான் ஒதுக்கப்பட்டது. குடிதண்ணீர், கோயில் மரியாதை, பந்தியில் உட்காருவது எல்லாவற்றிலும் அது நுழைந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயா வந்து ஊர் ஊராகப் பேசியபோது இந்த நோயைத்தான் தாக்கினார். தமிழ்முரசு கோ. சாரங்கபாணி அவர்கள் 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியதும் சாதி சமயம் கடந்து தமிழர் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்றுதான்.

பிறகு வந்தது அடையாளக் கார்டு. குடியுரிமை உள்ளவருக்கு நீலம், இல்லாதவருக்குச் சிவப்பு. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969க்குப் பிறகு அது கண்டிப்பாக அமலானபோது, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் எடுக்கவேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர்கள் ஒரு காகிதம் இல்லாத குற்றத்துக்காக வேலை இழந்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். ஏன் அவர்களிடம் காகிதம் இல்லை? லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், பதிவு செய்யவில்லை. பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பாரம் நிரப்ப எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்த ஆண் பிள்ளை வீட்டில் இருந்தால் தகப்பனுக்கு முதலில் கார்டு எடுத்தார்கள். அம்மாவுக்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் பல பேருக்கு வரவேயில்லை.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கூலி, வீடு, சாதி, கார்டு. பேச்சுக்காக நான் இவற்றைத் தனித்தனியாகச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு அவை தனித்தனியாக வரவில்லை. நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: "மத்தளத்திற்கு இரண்டு பக்கமும் இடி." ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கினால் அது வேறு வாத்தியம். இரண்டு பக்கமும் வாங்கினால்தான் மத்தளம். அந்த அம்மாள் வாங்கியது மத்தள அடி.

அதைவிட ஒன்று. தொழிலாளர் கூட்டத்தில் "தொழிலாளி" என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் ஓர் ஆண் உருவம்தான் வந்தது. மாதர் சங்கத்தில் "பெண்கள்" என்று சொன்னால் பட்டணத்தில் படித்த பெண்மணி வந்தார். "இந்தியர்" என்று சொன்னால் கடைக்காரரும் வழக்கறிஞரும் வந்தார்கள். தோட்டத்துப் பெண் மூன்று பட்டியலிலும் இருந்தாள். எந்தப் பட்டியலிலும் முதல் ஆளாக இல்லை.

ஐந்து பெண்கள் போட்ட வழக்கு

இந்த நிலைமைக்கு ஒரு பெயர் வந்தது அமெரிக்காவில். அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய கார் கம்பெனி. செயின்ட் லூயிஸ் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் சொன்னது இதுதான். 1964க்கு முன் கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை. பிறகு எடுத்தது. தொழில் நசிந்து ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்றது. கடைசியில் சேர்ந்தவர் யார்? இவர்கள்தான். முன்னே கதவைச் சாத்தியவர்களே பின்னே, "நீங்கள் தாமதமாக வந்தவர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது? கம்பெனி அதற்கு முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்பதற்காக ஒதுக்கவில்லை என்றது. அந்தப் பெண்கள் ஆபீசில் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண்கள்! இனப் பாகுபாடு பற்றிய குறையை, கறுப்பினத்தார் போட்டிருக்கும் வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. தொழிற்சாலையில் இயந்திர வேலை பார்த்த கறுப்பினத்தாரோ ஆண்கள். கறுப்பினம், பெண் என்ற இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகை உண்டாக்கி நீதி கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு கதவில் கேட்டால் அடுத்த கதவைக் காட்டினார்கள். அடுத்த கதவில் இவர்கள் முகத்துக்கு இடமில்லை.

1989ஆம் ஆண்டு கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை இந்த வழக்கை எடுத்து ஆராய்ந்து எழுதினார். அவரும் கறுப்பினப் பெண்மணி. நாற்சந்தியை அவர் உவமையாகச் சொன்னார். நான்கு பக்கமும் வண்டி ஓடுகிறது. நடுச்சந்தியில் நிற்பவருக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் அடி விழலாம், எல்லாப் பக்கத்திலிருந்தும் சேர்ந்தும் விழலாம். அடிபட்டவரிடம் போய், "எந்தச் சாலை வண்டி உன்னை இடித்தது? ஒன்றே ஒன்று சொல், அப்போதுதான் மருந்து போடுவோம்" என்று கேட்டால் அது நியாயமா? தமிழில் இப்போது இதைக் குறுக்குவெட்டு என்று எழுதுகிறார்கள். மாணவர்களே, பெயரை மனப்பாடம் செய்யவேண்டாம். நாற்சந்தியை நினைவில் வையுங்கள், போதும்.

மூணாற்றுப் பெண்கள்

அமெரிக்கக் கார் கம்பெனி நமக்குத் தூரம். நமக்குக் கிட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கேரளத்தில் மூணாறு என்ற மலையூர். தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்கள் தமிழ்ப் பெண்கள். நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்த மாதிரியே அவர்களுடைய பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து மலை ஏறினார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கேரளத்தில் அவர்கள் மொழியால் சிறுபான்மை. தோட்டத்தில் கூலிக்காரர். சாதியால் கீழே தள்ளப்பட்டவர். குடும்பத்தில் பெண். நாலு சாலையும் கூடும் இடத்தில் நின்றவர்கள்.

அவர்களுக்குச் சங்கம் இல்லையா? இருந்தது. ஒன்றல்ல, பல சங்கங்கள் இருந்தன. மாதாமாதம் சந்தா கட்டினார்கள். ஆனால் தலைவர்கள் ஆண்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்தவர்கள் பெண்கள்.

2015ஆம் ஆண்டு கம்பெனி போனஸை 10 விழுக்காடாகக் குறைத்தது. சங்கத் தலைவர்களை நம்பிப் பயனில்லை என்று பெண்கள் முடிவு செய்தார்கள். செப்டம்பர் மாதம் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றுச் சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் கூட்டத்துக்குப் "பெம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்தார்கள். பெண்களின் ஒற்றுமை என்று பொருள். சங்கத் தலைவர் வந்தார், திருப்பி அனுப்பினார்கள். அரசியல்வாதி வந்தார், அவரையும் அனுப்பினார்கள். "எங்களுக்காக நீங்கள் பேசியது போதும், எங்கள் கணக்கை நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்ற நிலை. சம்பளம், போனஸ், வீடு, ஆஸ்பத்திரி என்று தங்கள் குறைகளைத் தாங்களே எடுத்துச் சொன்னார்கள். ஒன்பது நாளில் 20 விழுக்காடு கொடுக்க ஒப்பந்தமாயிற்று. அன்றைக்கு அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள். அந்த ஆண்டிலேயே 301 ஆனது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. பிறகு அந்தக் கூட்டத்துக்குள்ளும் கட்சிகள் புகுந்து பிளவு வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஒன்று நிலைத்துவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்குத் தன் கணக்கைத் தானே பேசத் தெரியும் என்பதை நாடே பார்த்தது.

இதில் நான் கவனிப்பது என்ன? சங்கங்கள் தொழிலாளிக்காகப் போராடவில்லை என்று சொல்லமுடியாது. "தொழிலாளி" என்ற ஒரே கட்டத்தைப் பார்த்தார்கள், அந்தத் தொழிலாளி பெண் என்பதை மறந்தார்கள். அந்த மறதியில்தான் பிரச்சினை வளர்ந்தது.

மருந்தடிக்கிற வேலை

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரப்பர் குறைந்து செம்பனை வந்தபின் தோட்டத்து வேலையும் மாறியது. குலை வெட்டுவது ஆண் வேலை என்றார்கள், அதில் வருமானம் கூட. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி மருந்து அடிப்பது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். கொடிய நஞ்சு.

2002ஆம் ஆண்டு தெனாகானித்தா என்ற மாதர் அமைப்பும், பூச்சிக்கொல்லி ஒழிப்புக்கான ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. தெனாகானித்தாவை நடத்தியவர் ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார். அவரே தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தப் பெண்களுக்குத் தோல் அரிப்பு, மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், நகம் கெடுவது என்று பல உபாதைகள். அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பிறகு 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. அறிவித்ததற்கும் முடித்ததற்கும் நடுவே பதினேழு ஆண்டுக்கு மேல்.

ஏன் இவ்வளவு காலம் அந்தப் பெண்களின் குரல் கேட்கவில்லை? யோசித்துப் பாருங்கள். மருந்துப் புட்டியில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். கலந்து கொடுத்த மருந்து வாளியில் வரும்போது அதில் எழுத்து ஏது? எழுத்து இருந்தாலும் படிக்காதவளுக்கு என்ன பயன்? கிராணியிடம் சொன்னால், "அப்போ வேலைக்கு வராதே" என்ற பதில். குத்தகைக்காரரின் கீழ் வேலை என்றால் கம்பெனி, "எங்கள் ஆள் இல்லை" என்கும். டாக்டரிடம் போனால் வெட்கம், மொழியும் தெரியாது. வீட்டில் சொன்னால், "சம்பளத்துக்கு என்ன வழி?" என்ற கேள்வி. பெண், ஏழை, படிக்காதவள், குத்தகைக் கூலி. இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் யாராவது ஒருவர் காது கொடுத்திருப்பார். நாலும் சேர்ந்ததால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

ஒற்றுமை கெட்டுப்போகாதா?

இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, நாமே சிறிய கூட்டம். பெண், ஆண், சாதி, தோட்டம், பட்டணம் என்று இப்படிப் பிரித்துப் பேசினால் ஒற்றுமை கெட்டுப்போகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். கூரை ஒழுகும் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறவன் வீட்டை இடிக்கிறவன் அல்ல. ஒழுகவில்லை என்று சொல்லிக்கொண்டு வாளியை மறைத்து வைப்பதால் வீடு உறுதியாகிவிடாது. பிரித்தது நாம் அல்ல. 50 காசு, 40 காசு என்று பிரித்தவர் வேறு. லயத்தில் இந்தக் கோடி அந்தக் கோடி என்று பிரித்தவர் வேறு. நாம் செய்வது அந்தப் பிரிவு எங்கே வலிக்கிறது என்று கேட்பது மட்டும்தான்.

நம் நாட்டின் அரசமைப்புச் சட்டமும் மெதுவாக இதைக் கற்றுக்கொண்டதுதான். எட்டாவது பிரிவில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு குடிமகனுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று இருந்தது. ஆணா பெண்ணா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது 2001ஆம் ஆண்டில்தான். மெர்டேக்கா கிடைத்து நாற்பத்து நாலு ஆண்டுக்குப் பிறகு!

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சந்தியில் நாம் எப்போதும் அடிபடுகிறவராகவே நிற்பதில்லை. சில சமயம் வண்டி ஓட்டுகிறவரும் நாம்தான். துரையிடம் குனிந்து நின்ற கங்காணி லயத்துக்கு வந்ததும் நிமிர்ந்து மிரட்டினார். தண்டலிடம் ஏச்சு வாங்கிய கணவர் வீட்டுக்கு வந்து மனைவியை ஏசினார். மாமியாரிடம் துன்பப்பட்ட மருமகள் பிறகு மாமியாரானாள். இன்றைக்கு நம் தோட்டங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர் வேலை செய்கிறார்கள். நம் பாட்டன் இருந்த லயத்தில் அவர்கள் இருக்கிறார்கள். கையில் நீலக் கார்டு இல்லை, மொழி தெரியாது, பாஸ்போர்ட் முதலாளியிடம். "பங்களா" என்று அவர்களைக் கேலியாகக் கூப்பிடும் நம் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். நம் பாட்டனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

இன்னொரு கேள்வி கேளுங்கள்

சரி, பேசியது போதும், என்ன செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய காரியம் எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நின்றுவிடாமல், இன்னொரு கேள்வி கேளுங்கள் என்கிறேன்.

ஆசிரியப் பெருமக்களே! ஒரு மாணவி அடிக்கடி மட்டம் போடுகிறாள். "ஏம்மா நேத்து வரல?" என்று கேட்கிறீர்கள். "தம்பிக்குக் காய்ச்சல் சார்" என்கிறாள். அங்கே நிறுத்தினால் அது காய்ச்சல் கதை. "தம்பியை ஏன் நீ பார்த்துக்கிற? அண்ணன் இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். "அண்ணனுக்குப் பரீட்சை சார்." அவளுக்குப் பரீட்சை இல்லையா? "அம்மா?" "அம்மா பேக்டரியில நைட்டு ஷிப்டு சார். லீவு எடுத்தா அலவன்ஸ் வெட்டிடுவாங்க." இப்போது தெரிகிறது. ஏழ்மை ஒரு சாலை, பெண் என்பது ஒரு சாலை, தாயின் வேலை ஒரு சாலை. மூன்றும் கூடும் இடத்தில் அந்தப் பிள்ளையின் வருகைப் பதிவேடு சிவப்பாகிறது. "சோம்பேறி" என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிடலாமா?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தைக் காலை நேரத்தில் பட்டணத்துக்காரருக்கு வசதியாகப் போட்டுவிட்டு, "தோட்டத்துப் பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள், கூட்டத்துக்கே வரமாட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். அறிக்கையைப் படிக்கத் தெரியாத தாய் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத பாட்டி பேரனை வளர்க்கிறார். கணவரை இழந்தவர், கும்பலில் வந்து உட்காரக் கூச்சப்படுகிறார். அவர்கள் வராததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. கூட்டம் யாரை நினைத்துப் போடப்பட்டது என்பதுதான் காரணம்.

தகப்பன்மார்களே! மகனுக்கு டியூஷன், மகளுக்குப் பாத்திரம் என்று வீட்டில் இருந்தால் வெளியே போய்ச் சமத்துவம் கேட்க நமக்கு வாய் வராது. வெளியில் நமக்கு எது வலிக்கிறதோ, அதையே வீட்டுக்குள் இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பதே முதல் படிப்பு.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பில் தமிழ் தடுமாறுகிற பிள்ளை இருக்கும். கறுப்பு என்று கேலி செய்யப்படுகிற பிள்ளை இருக்கும். காதோ காலோ குறையுள்ள பிள்ளை இருக்கும். பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் இல்லாத பிள்ளையும் இருக்கலாம். ஒரு குறையை வைத்து ஒருவரை அளந்துவிடாதீர்கள். கூடப் போய் உட்காருங்கள். "நீ ஏன் இப்படி?" என்று கேட்காமல், "நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

பல அடையாளம் சேர்ந்தால் சுமைதான் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 1943இல் நேதாஜி அழைத்தபோது மலாயாத் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். டாக்டர் லட்சுமி தலைமை தாங்கினார். கோலாலம்பூரிலிருந்து சென்ற ஜானகி, பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் அம்மையாராக இந்நாட்டு மேலவையில் அமர்ந்தார். பால்வெட்டுக் கத்தி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, பெண் பிள்ளை, மலேசியப் பிள்ளை என்று நாலும் ஒன்றாக இருக்கிற ஒரு மாணவிக்கு, நாலு பேர் கண்ணால் உலகத்தைப் பார்க்க முடியும். மற்றவர் காணாததை அவள் காண்பாள். அவளுக்கு நாம் கொடுக்கவேண்டியது இரக்கம் அல்ல. இடம்.

இன்று இந்த மேடைக்கு வந்து பரிசு வாங்கும் பிள்ளைகளுக்குக் கைதட்டுவோம், மனமாரத் தட்டுவோம். பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில், தம்பியைப் பார்த்துக்கொண்டே, சமைத்துக்கொண்டே, அம்மாவின் பாரங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டே நாற்பது மார்க் எடுத்த பிள்ளையும் இருக்கிறது. அந்த நாற்பது மார்க்குக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் படிக்கத் தெரிந்த பள்ளியாக நம் பள்ளி வளரவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!